மட்டக்களப்பிலிருந்து சுவிஸ் பனிமலைக்கு: வழியில் எங்கே சிக்கும், சிக்கினால் என்ன செய்வது

சுவிஸில் பனிச்சறுக்கு உச்சத்தில் இருக்கும் மார்கழியும் தையும் எங்கள் பக்கத்தில் மாரி. பெர்னில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கோ லுட்செர்னில் இருக்கும் மாமி வீட்டுக்கோ போய், அப்படியே பிள்ளைகளை ஏங்கல்பர்க், டாவோஸ், செர்மாட் பக்கம் கூட்டிப்போகும் குடும்பங்கள் இந்த இரண்டு பருவத்துக்கும் நடுவில்தான் பயணம் செய்கின்றன. விமான நிலையத்துக்குள் வரும் சிக்கல்களில் அநேகமானவை அந்த இடத்திலேயே சரிசெய்யக்கூடியவை. சரிசெய்ய முடியாதவை வழியின் இரண்டு முனைகளிலும் இருக்கின்றன: இந்தப் பக்கம் மன்னம்பிட்டி றோட்டு, அந்தப் பக்கம் மலைக்கு ஏறும் கடைசி ரயில். கீழே உள்ளவை பயணம் போகும் வரிசையிலேயே இருக்கின்றன. உங்களுக்கு எது நடக்கிறதோ அந்தத் தலைப்பைப் பாருங்கள்.

வான் இன்னும் பொலன்னறுவையைத் தாண்டவில்லை

மகாவலி பெருகினால் மன்னம்பிட்டி, கல்லெல்லப் பக்கம் றோட்டில் வெள்ளம் ஏறும். ஏறினால் அது வடியும்வரை வழி இல்லை. ரயில் பாதையும் அதே தாழ்நிலத்தால்தான் போகிறது, ஆகவே வான் போகாத நாளில் ரயிலை நம்புவதில் பயன் இல்லை. வெள்ளம் இல்லாவிட்டாலும் மின்னேரியா, ஹபரணைப் பக்கம் இரவில் யானை றோட்டுக்கு வரும். வேகமாகப் போய் நேரத்தைப் பிடிக்கலாம் என்ற கணக்கு அங்கே சரிவராது.

சாதாரண நாளில் மட்டக்களப்பிலிருந்து கட்டுநாயக்கவுக்கு வானில் 6 முதல் 7 மணித்தியாலம். மாரியில் இந்தக் கணக்கை மறந்துவிட்டு, முந்திய நாளே புறப்பட்டு நீர்கொழும்பில் ஒரு இரவு தங்குங்கள். அறைக்காசு ஒன்றும் டிக்கெட்டை விடப் பெரிதில்லை.

அம்பாறை, அக்கரைப்பற்று, பொத்துவில்காரருக்கு இன்னொரு வழி உண்டு. சியம்பலாண்டுவை, மொனராகலை, வெல்லவாயவால் இறங்கி அம்பாந்தோட்டைக்குப் போனால், அங்கிருந்து தெற்கு அதிவேகப் பாதை, கொழும்பு வெளிச்சுற்று, கெரவலப்பிட்டி, கட்டுநாயக்க அதிவேகப் பாதை என்று தொடர்ந்து போய்விடலாம். தூரம் கூடத்தான், ஆனால் மகாவலியைக் கடக்கவே தேவையில்லை. மகியங்கனை, கண்டி வழி வரைபடத்தில் கிட்டவாகத் தெரியும். மண்சரிவு எச்சரிக்கை இருக்கும் நாளில் அந்தப் பக்கம் திரும்ப வேண்டாம்.

கவுன்டரில் பெயர் பொருந்தவில்லை என்கிறார்கள்

எங்கள் பெயர்கள் நீளம். கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் வாசிக்கும் இரண்டு வரிகளிலும் 44 இடங்கள்தான். அதிலும் பெயருக்கு ஒதுக்கியது 39. அதற்கு மேல் போனால் வெட்டுப்படும். டிக்கெட்டிலும் இதே கதைதான்: இரண்டு பெயர்கள் இடைவெளி இல்லாமல் ஒட்டி நிற்கும், கடைசியில் ‘எம்.ஆர்.’, ‘எம்.ஆர்.எஸ்.’ ஒட்டியிருக்கும். இவை பிழை இல்லை, பயப்பட வேண்டாம்.

பிழை என்பது எழுத்துக் கூட்டல் மாறுவது, அல்லது தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் புருஷன் பெயர் வருவது. இதை டிக்கெட் எடுத்த முகவரைக்கொண்டு வீட்டில் இருக்கும்போதே திருத்துங்கள். கவுன்டர் திறந்த பிறகு திருத்தினால் காசும் போகும், நேரமும் போகும். டிக்கெட் கைக்கு வந்த அன்றே கடவுச்சீட்டைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

இதோடு கடவுச்சீட்டுத் திகதியையும் பாருங்கள். செங்கன் நாடுகளை (சுவிஸ் உட்பட, ஒரே வீசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகு குறைந்தது 3 மாதம் செல்லுபடியாக வேண்டும். எடுத்து 10 வருடத்துக்கு மேல் ஆகியிருக்கவும் கூடாது.

பெட்டியை எடுக்க மாட்டோம் என்கிறார்கள்

மூன்று காரணங்கள் இருக்கலாம்.

ஒன்று, மொத்த நிறை கூடியிருக்கும். டிக்கெட்டில் எழுதிய கிலோதான் உங்கள் கணக்கு. போன முறை மச்சான் கொண்டுபோன கணக்கு உங்களுக்கு உதவாது. இரண்டு, மொத்தம் சரியாக இருந்தும் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டியிருக்கும். தூக்குபவரின் முதுகைக் காக்கும் விதி இது, மேலதிகக் காசு கட்டினாலும் விட மாட்டார்கள். பெட்டியைத் திறந்து இரண்டாகப் பிரிப்பதுதான் வழி, ஆகவே மடித்து வைக்கக்கூடிய வெறும் பை ஒன்றைக் கையில் வைத்திருங்கள். மூன்று, பொதியின் வடிவம். கயிறு சுற்றிய காட்போட் பெட்டியும் உருண்டையான மூட்டையும் பொதிகள் ஓடும் பட்டியில் சிக்கி முழு வரிசையையும் நிறுத்திவிடும். டுபாய் விமான நிலையம் 2017 மார்ச்சிலிருந்து, ஒரு பக்கமாவது தட்டையாக இல்லாத பொதியை ஏற்பதில்லை.

பெட்டியில் ஒட்டும் நீளத் துண்டைப் பாராமல் கவுன்டரை விட்டு நகர வேண்டாம். அதில் கடைசி இடத்துக்கான மூன்று எழுத்து இருக்கும்: சூரிச் என்றால் இசட்.ஆர்.எச்., ஜெனிவா என்றால் ஜி.வி.ஏ. அதற்குப் பதிலாக டோஹாவின் டி.ஓ.எச். அல்லது டுபாயின் டி.எக்ஸ்.பி. மட்டும் இருந்தால் பெட்டி அங்கேயே இறங்கிவிடும். இரண்டு டிக்கெட்டுகளைத் தனித்தனியாக மலிவாக வாங்கியவர்களுக்கு இது நடக்கும். அந்தத் துண்டின் சிறு பகுதியைப் போடிங் பாசோடு சேர்த்து வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

பனிச்சறுக்குப் பலகையை இங்கிருந்து கொண்டுபோகும் யோசனையே வேண்டாம். மலையில் எல்லா ஊரிலும் பலகை, சப்பாத்து, தலைக்கவசம் எல்லாம் வாடகைக்கு உண்டு.

பாதுகாப்புச் சோதனையில் பையைத் திறக்கச் சொல்கிறார்கள்

கைப்பையில் ஊறுகாய், சம்பல், தயிர், தேன், நல்லெண்ணெய் எல்லாமே திரவக் கணக்குத்தான். ஒவ்வொன்றும் 100 மில்லிலீற்றருக்குள், எல்லாம் சேர்ந்து 1 லீற்றர் பையில் அடங்க வேண்டும். அரைப் போத்தல் இருக்கிறது என்று வாதாட முடியாது, அவர்கள் பார்ப்பது போத்தலின் கொள்ளளவை.

பவர் பேங்க் இதற்கு நேரெதிர்: பெட்டியில் போடக்கூடாது, கைப்பையில்தான் வர வேண்டும். அனுமதி கேளாமல் கொண்டுபோகக்கூடியது 100 வோட்-மணி வரை, அதாவது 27,000 மில்லி அம்பியர்-மணி என்று எழுதியவை வரை. எழுத்து அழிந்திருந்தால் பறிக்கவும் இடமுண்டு. எமிரேட்ஸ் 2025 அக்டோபர் 1 முதல் ஆளுக்கு ஒன்றுதான் விடுகிறது, அதையும் விமானத்துக்குள் பாவிக்க விடுவதில்லை. குளிருக்காக வாங்கிய, பற்றரியால் சூடாகும் கையுறைக்கும் இதே விதி. பற்றரியைக் கழற்றிக் கைப்பையில் வையுங்கள்.

ஒரு ஜக்கெட், தடித்த காலுறை, மூடிய சப்பாத்து ஆகியவை ஆளாளுக்குக் கையில் இருக்கட்டும். எல்லாக் குளிருடுப்பையும் பெட்டிக்குள் போட்டுவிட்டுச் செருப்போடு சூரிச்சில் இறங்குபவர்களை இன்றைக்கும் காணலாம். பெட்டி வராத நாளில் அவர்கள் பாடு கஷ்டம்.

டோஹா, டுபாயில் இறங்கியாயிற்று, அடுத்த வாயிலைக் காணவில்லை

முதலில் மணிக்கூடு. டுபாய் எங்கள் நேரத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் பின்னால், டோஹா இரண்டரை மணித்தியாலம் பின்னால், சுவிஸ் குளிர்காலத்தில் நாலரை மணித்தியாலம் பின்னால். போடிங் பாசில் இருப்பது எப்போதும் அந்தந்த ஊர் நேரம். விமானத்திலேயே போனின் நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். கையில் கட்டியிருக்கும் மணிக்கூட்டைப் பார்த்து ஓடித்திரிபவர்களும், ‘இன்னும் நேரம் இருக்கு’ என்று உட்கார்ந்துவிடுபவர்களும் இந்தக் கணக்கில்தான் தவறுகிறார்கள்.

இறங்கியதும் ‘மாறிச் செல்வோர்’ என்ற பலகையைப் பின்தொடருங்கள். ‘வருகை’ என்ற பக்கம் போனால் குடிவரவு வரிசையில் போய் நிற்பீர்கள். கட்டுநாயக்கவில் தந்த போடிங் பாசில் வாயில் இலக்கம் இருந்தாலும் அதை நம்ப வேண்டாம், திரையில் இருப்பதே முடிவு. திரையில் ஊர்ப் பெயரைத் தேடாமல் விமான இலக்கத்தைத் தேடுங்கள். ஒரே ஊருக்கு ஒரே காலையில் இரண்டு விமானம் போகலாம்.

டுபாயில் எமிரேட்ஸ் பாவிப்பது மூன்றாவது முனையம். அதில் ‘ஏ’, ‘பி’, ‘சி’ என்று மூன்று நீண்ட கட்டடங்கள். ‘பி’யும் ‘சி’யும் நடந்தே போகும்படி ஒட்டியிருக்கும். ‘ஏ’க்குப் போகச் சிறு ரயில் ஏற வேண்டும். அந்த ரயிலையும் நடையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஃப்ளைடுபாய் விமானங்களில் பல இரண்டாவது முனையத்தில் நிற்பவை, அங்கே மாறுவதென்றால் பஸ். டோஹாவில் ‘ஏ’ முதல் ‘ஈ’ வரை வாயில்கள். நடுவில் மண்டையில் விளக்கோடு ஒரு பெரிய மஞ்சள் கரடி இருக்கும். அதைச் செய்த கலைஞர் ஊர்ஸ் ஃபிஷர் சூரிச்சில் பிறந்தவர். குடும்பத்தில் யாரும் பிரிந்துவிட்டால் ‘கரடிக்குக் கீழே வா’ என்று முன்கூட்டியே பேசி வைத்தால் போதும், வேறு அடையாளம் தேவையில்லை.

வாயில் புறப்பாட்டுக்குச் சுமார் 20 நிமிடத்துக்கு முன்பே பூட்டப்படும். தொழுகை, கழிவறை, பிள்ளைக்குச் சாப்பாடு எல்லாம் வாயிலைக் கண்டுபிடித்த பிறகு.

பாரிஸ், பிராங்பேர்ட் வழியாகப் போகிறவர்களுக்கு இந்தப் பகுதி வேறு மாதிரி. செங்கன் எல்லைக் குடிவரவு அங்கேயே நடக்கும், சூரிச்சில் நடக்காது. அந்த வரிசைக்கும் நேரம் விட்டு இணைப்பு எடுங்கள். ஆனால் சுவிஸ் சுங்கம் சுவிஸில்தான்.

இணைப்பு விமானம் போய்விட்டது

இரண்டு பயணமும் ஒரே முன்பதிவில் இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. இணைப்புக் கவுன்டருக்குப் போய் போடிங் பாசைக் காட்டுங்கள், அநேகமாகப் புதிய இருக்கை ஏற்கனவே போட்டிருப்பார்கள். நேரம் நீளமானால் சாப்பாட்டுச் சீட்டும் தங்குமிடமும் கேளுங்கள். கேட்காமல் தருவது குறைவு. தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டாவது நிறுவனத்துக்கு உங்கள் தாமதம் ஒரு பொருட்டே இல்லை, புதிய டிக்கெட் எடுப்பதுதான் வழி.

சுவிஸ் குடிவரவில் நிறுத்திவைத்துக் கேட்கிறார்கள்

சூரிச்சில் வளைகுடா விமானங்கள் நிற்பது வழக்கமாக ‘ஈ’ கட்டடத்தில். அங்கிருந்து நிலத்தடி ரயிலில் பிரதான கட்டடத்துக்கு வர வேண்டும். சுரங்கத்தில் மாடு கத்தும் சத்தமும் கழுத்து மணிச் சத்தமும் கேட்டால் பயப்பட வேண்டாம், வேண்டுமென்றே போடுகிறார்கள். அதற்குப் பிறகு குடிவரவு.

2025 அக்டோபர் 12 முதல் செங்கன் எல்லைகளில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக வரவு-வெளியேற்றத்தைக் கணினியில் பதியும் முறை கட்டம் கட்டமாக வந்தது. வீசா எடுத்தபோது விரல் ரேகை கொடுத்திருப்பீர்கள், எல்லையில் முகப்படத்தைப் பதிவார்கள். முதல்முறை வருபவருக்கு வரிசை நீளும். சுவிஸ் வதிவிட அட்டை உள்ள உறவினருக்கு இந்தப் பதிவு இல்லை, அவர்கள் வேறு வரிசையில் போய் முன்னால் காத்திருப்பார்கள்.

அதிகாரி கேட்பது இவ்வளவும்தான்: எங்கே தங்குவீர்கள், எவ்வளவு நாள், காசு யார் பார்ப்பது, திரும்பும் டிக்கெட் எங்கே. அழைப்புக் கடிதம், வீட்டு விலாசம், மலையில் அறை பதிந்த தாள், காப்புறுதி எல்லாம் அச்சிட்டுக் கைப்பையில் இருக்கட்டும். போனில் மட்டும் வைத்திருந்து, சார்ஜ் இறங்கினால் வீண். சொந்தக் காசில் வருபவருக்கு நாளுக்கு 100 பிராங்க் என்பது சுவிஸ் வைத்திருக்கும் அளவு.

அடிக்கடி நடக்கும் ஒரு பிழை: வீசாவில் இரண்டு திகதி இருக்கும், அதோடு தங்கக்கூடிய நாள் எண்ணிக்கை தனியாக இருக்கும். திகதி இடைவெளி 45 நாளாக இருந்து, எண்ணிக்கை 30 ஆக இருக்கலாம். பின்னதுதான் கணக்கு. 31ஆவது நாள் நீங்கள் அனுமதியில்லாமல் தங்குபவர்.

காப்புறுதி 30,000 யூரோவுக்கு இருந்தால் வீசாவுக்குப் போதும். ஆனால் கொழும்பில் மலிவாக எடுக்கும் பல காப்புறுதிகள் பனி விளையாட்டை விலக்கி எழுதியிருக்கும். அது எல்லையில் தெரியாது, கால் முறிந்து மீட்பு ஹெலிகொப்டர் வரும்போதுதான் தெரியும். விலக்குப் பகுதியை வாசித்துவிட்டு, தேவைப்பட்டால் மேலதிகமாக எடுங்கள்.

பட்டி நின்றுவிட்டது, பெட்டி வரவில்லை

முதலில் அளவு மீறிய பொதிகள் வரும் தனி இடத்தைப் பாருங்கள். காட்போட் பெட்டி, பிள்ளைத் தள்ளுவண்டி, பனிச்சறுக்குப் பை எல்லாம் அங்கே வரும், பட்டியில் வராது.

அங்கேயும் இல்லாவிட்டால் மண்டபத்தை விட்டு வெளியேறும் முன்பே பொதிக் கவுன்டரில் முறைப்பாடு எழுதி இலக்கம் வாங்குங்கள். பெட்டித் துண்டு இப்போதுதான் தேவை. உறவினர் வீட்டு விலாசத்தையும் மலை ஹோட்டல் விலாசத்தையும் திகதியோடு கொடுங்கள், பெட்டி உங்கள் பின்னால் வரும். அவசரத்துக்கு வாங்கிய உள்ளாடை, காலுறை, சப்பாத்துக்குப் பற்றுச்சீட்டு வைத்திருங்கள். உடைந்து வந்தால் 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்தால் கையில் கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள்ளும் எழுத்தில் கோர வேண்டும். மொன்ட்ரியல் உடன்படிக்கைப்படி ஒருவருக்கான உச்சவரம்பு 1,519 எஸ்.டி.ஆர்., அது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. பொன் நகை பெட்டியில் இருந்தால் அந்த வரம்புக்குள் அடங்காது, கையில் கொண்டுபோங்கள்.

சுங்கத்தில் பெட்டியைத் திறக்கிறார்கள்

அம்மா கட்டித் தந்த பொதியில்தான் விஷயம் இருக்கிறது. இலங்கையிலிருந்து இறைச்சி, பால், தயிர், நெய் எதுவும் சுவிஸுக்குக் கொண்டுபோகக்கூடாது. மட்டக்களப்புத் தயிர்ச் சட்டியை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் அங்கே குப்பைக்குத்தான் போகும். பச்சையான தாவரம் எதுவும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் போகாது: கறிவேப்பிலை, வெற்றிலை, முருங்கைக்காய், மாம்பழம், பச்சை மிளகாய் எல்லாம் இதில் அடங்கும். விலக்கு ஐந்துக்கு மட்டும்: வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சம்பழம், டூரியன்.

போகக்கூடியவையும் நிறைய உண்டு. கருவாடு சொந்தப் பாவனைக்கு 20 கிலோவுக்குள் விடுவார்கள். குடல் எடுத்துக் காயவைத்ததாக, காற்றுப்போகாத இரட்டை உறையில் இருக்கட்டும், இல்லாவிட்டால் குளிருடுப்பு முழுக்க மணக்கும். தேன் 2 கிலோ. மிளகாய்த்தூள், கறித்தூள், ஒடியல் மா, அரிசிமா, முறுக்கு, தொதல் சிக்கல் இல்லை. தூள்களில் பெயரெழுதி ஒட்டுங்கள். பெயரில்லாத தூள் எந்த நாட்டிலும் சந்தேகத்துக்குரியது.

பரிசுப் பொருட்களின் பெறுமதி 2025 ஜனவரி 1 முதல் ஆளுக்கு 150 பிராங்கைத் தாண்டினால் வரி. சந்தேகம் என்றால் சிவப்புப் பாதையால் போய்க் கேளுங்கள். பச்சைப் பாதையில் பிடிபட்டால் தண்டமும் சேரும்.

மலைக்குப் போகும் ரயில் தவறிவிட்டது

சூரிச் விமான நிலையத்துக்குக் கீழேயே ரயில் நிலையம். சூரிச் பிரதான நிலையத்துக்கு 10, 12 நிமிடம். டாவோஸுக்கு லண்ட்குவார்ட்டில் மாற வேண்டும், சென்ட் மொரிட்ஸுக்குக் கூரில், ஏங்கல்பர்க்குக்கு லுட்செர்னில், செர்மாட்டுக்கு விஸ்பில். செர்மாட்டுக்குள் பெற்றோல் வாகனம் விடுவதில்லை. உறவினர் காரில் கொண்டுபோனாலும் அதற்கு முந்திய ஊரான டேஷில் நிறுத்திவிட்டு ரயிலில்தான் ஏற வேண்டும்.

மலிவு விலை ‘ஷ்பார்பிலெட்’ குறித்த ஒரு ரயிலுக்கு மட்டும் செல்லும். விமானம் ஒரு மணித்தியாலம் பிந்தினால் அந்த டிக்கெட் செல்லாது, காசும் திரும்பாது. இறங்கும் நாளுக்கு அதை வாங்க வேண்டாம். சாதாரண டிக்கெட் அல்லது நாள் முழுவதும் செல்லும் அட்டை எடுங்கள். இயந்திரம் இலங்கை வங்கி அட்டையை மறுத்தால், வெளிநாட்டுப் பாவனையைத் திறக்காமல் வந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். புறப்படுமுன் வங்கிக்குச் சொல்லுங்கள், கையில் கொஞ்சம் பிராங்கும் இருக்கட்டும். சூரிச்சில் இலங்கை ரூபாயை மாற்றும் நினைப்பை விட்டுவிடுங்கள்.

இரவு 8 மணிக்குப் பிறகு தரையிறங்கும் விமானம் என்றால் அன்றே மலைக்கு ஏறத் திட்டமிட வேண்டாம். குடிவரவு, பெட்டி எல்லாம் முடிய ஒரு மணித்தியாலம் போய்விடும், இடையில் மாறும் சிறு நிலையத்தில் குளிரில் நிற்க நேரும். அன்றிரவு உறவினர் வீடு, காலையில் மலை.

ஜெனிவாவில் வாடகைக் கார் கவுன்டரைக் காணவில்லை

ஜெனிவா விமான நிலையத்துக்குச் சுவிஸ் பக்கம், பிரெஞ்சுப் பக்கம் என்று இரண்டு உண்டு. பிரெஞ்சுப் பக்கத்துக் கார் மலிவாகத் தெரிவதால் பதிந்துவிட்டுச் சுவிஸ் பக்கம் தேடுவார்கள். பதிவுத் தாளில் பக்கத்தைப் பாருங்கள். பிரான்சின் ஷமொனிக்குப் போவதென்றால் பிரெஞ்சுப் பக்கம் சரி. நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை அங்கே மலைப் பிரதேசங்களில் குளிர்கால டயர் அல்லது சங்கிலி கட்டாயம், கார் எடுக்கும்போதே காட்டச் சொல்லுங்கள். அந்தக் காரோடு சுவிஸ் அதிவேகப் பாதையில் ஏறினால் 40 பிராங்க் வருடச் சீட்டு வேண்டும். சுவிஸ் மலையூரான வேர்பியேவுக்குக் காரே தேவையில்லை: ரயிலில் மார்ட்டினி, அங்கே மாறி லு ஷாப்ல், நிலையத்துக்குப் பக்கத்திலேயே மேலே போகும் கேபிள் கார்.

ஜெனிவாவுக்குச் சனிக்கிழமை இறங்க வேண்டாம். மலை விடுதிகளில் ஆட்கள் மாறும் நாள் அது, ஐரோப்பா முழுவதும் இருந்து விடுமுறை விமானங்கள் அன்றுதான் குவியும். மாசியில் பள்ளி விடுமுறையும் சேர்ந்தால் இன்னும் மோசம். செவ்வாய், புதன் நல்லது.

திரும்பும் நாள்: விமானம் பனியில் நிற்கிறது

ஏறி உட்கார்ந்த பிறகும் விமானம் நகராமல் நின்று, வெளியே வண்டிகள் இறக்கையில் செம்மஞ்சள், பச்சைத் திரவம் தெளித்தால் அது பனிக்கட்டி நீக்குவது. அரை மணித்தியாலம் போகலாம். வளைகுடாவில் இணைப்பு நேரம் குறுகலாக இருந்தால் பணியாளரிடம் அப்போதே சொல்லுங்கள்.

சுவிஸிலிருந்து புறப்படும் விமானத்துக்கு, நிறுவனம் எந்த நாட்டினதாக இருந்தாலும், ஐரோப்பியப் பயணியர் விதி செல்லும். மூன்று மணித்தியாலமோ அதற்கு மேலோ பிந்திப் போய்ச் சேர்ந்தால் தூரப் பயணத்துக்கு 600 யூரோ வரை இழப்பீடு கேட்டுப் பார்க்கலாம். காரணம் பனிப்புயல் என்றால் அந்தக் காசு கிடைக்காது, ஆனால் சாப்பாடும் இரவு தங்குமிடமும் தர வேண்டியது கடமை. கவுன்டரில் ‘காலநிலை, நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது’ என்றால் தங்குமிடத்தைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். தராவிட்டால் அளவான விலையில் நீங்களே அறை எடுத்து, பற்றுச்சீட்டைப் பின்னர் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். வீசா நாள் அன்றோடு முடிகிறது என்றால், விமானம் ரத்தான கடிதத்தை நிறுவனத்திடம் வாங்கிக்கொண்டு விமான நிலையத்தை விட்டுப் போகுமுன் எல்லைப் பொலிஸிடம் காட்டுங்கள்.